புதிய டிராக்டர்: வாங்குமுன் ஒரு கணக்கு, வாங்கியபின் ஓர் ஒழுங்கு

உழவையே நம்பி வாழும் குடும்பத்தில் புதிய டிராக்டர் ஒன்று வந்து சேரும் நாள், திருமண நாளுக்கு ஒப்பான நாள் எனலாம். மாலை சூட்டி, சந்தனம் பூசி, கோவில் வாயிலில் கொண்டுவந்து நிறுத்தி, மந்திரித்துத் தருமாறு குருக்களாகிய நம்மை அழைக்கின்றனர். நாமும் மனமுவந்து ஆசி வழங்குகின்றோம். ஆயினும் ஆசி பெற்ற இயந்திரம் அக்குடும்பத்திற்கு வாழ்வளிக்குமா, அன்றி வயலையும் வீட்டையும் அடகுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமா என்பது, வாங்குமுன் போடும் கணக்கிலும் வாங்கியபின் கடைப்பிடிக்கும் ஒழுங்கிலும் அடங்கியுள்ளது. இவ்விரண்டையும் பற்றி நம் குடும்பங்கள் கூடியமர்ந்து சிந்திக்க வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேலிகாத்தான் பிடித்த நிலம்

செஞ்சி வட்டத்து அனந்தபுரமும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் ஏரியையும் கிணற்றையும் வானத்தையும் நம்பியவை. நீருள்ள இடத்தில் நெல்லும் கரும்பும், மேட்டு நிலத்தில் மணிலாவும் விளையும் பூமி இது. அண்மையிலுள்ள திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய மணிலா இரகங்கள் டி.எம்.வி. என வழங்குகின்றன. அப்பெயரில் அடங்கியிருப்பது திண்டிவனமே.

இத்தகைய நிலம் நான்கைந்து ஆண்டுகள் உழவின்றிக் கிடந்தால் என்னவாகும்? பிள்ளைகள் சென்னைக்கும் புதுவைக்கும் பெங்களூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றுவிட, வயல் வேலிகாத்தானின் உடைமையாகிவிடுகிறது. சீமைக்கருவேலம் என்று பிற மாவட்டத்தார் கூறுவது இதனையே. தென் அமெரிக்க, நடு அமெரிக்க நாடுகளுக்குரிய இம்மரம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. நிலத்திற்கு மேலே வெட்டிப் பயனில்லை. அடித்தூர் மண்ணுக்குள் இருக்கும்வரை ஒன்றுக்குப் பத்தாகத் தழைக்கும். வேரோடு பெயர்த்தெடுப்பதே வழி. இதனை அகற்றக் கோரிய வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் 2017-லும் 2022-லும் ஆணைகள் பிறப்பித்தமை யாவரும் அறிந்ததே.

நிலத்தைத் திருத்த வேண்டும் என்ற நல்லெண்ணம் எழுந்தவுடன், "டிராக்டர் ஒன்று வாங்கிவிட்டால் என்ன?" என்ற எண்ணமும் உடன் எழுகின்றது. இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும்.

நாடு கற்ற பாடம்

இயந்திரத்தால் காடு திருத்தும் பணியை நம் நாடு பெரிய அளவில் செய்து பார்த்ததுண்டு. மத்திய இந்தியாவில் ஆழ வேரூன்றும் காசப்புல் என்னும் ஒருவகை நாணல் பெரும் பரப்பிலான விளைநிலத்தைத் தரிசாக்கியிருந்தது. அதனை ஒழிப்பதற்காக, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற டிராக்டர்களைக் கொண்டு மத்திய அரசு தனி அமைப்பொன்றை நிறுவியது. 1949 செப்டம்பரில் உலக வங்கி இப்பணிக்கென 1 கோடி டாலர் கடன் வழங்கிற்று. புதிய டிராக்டர்கள் வந்திறங்கின. புல்லின் வேர் வெளிப்பட்டு வெயிலில் காயுமாறு நிலம் ஆழ உழப்பட்டது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? காடு திருத்துதல் ஒருமுறை செய்யும் வேலை. அதற்குக் கனத்த இயந்திரம் வேண்டும். அதன் சுமையை ஒரு தனிக் குடும்பம் தாங்க இயலாது என்பதே. முற்றிய வேலிகாத்தான் தூரைப் பெயர்ப்பது 40 குதிரைத்திறன் டிராக்டரின் வேலையன்று. பொக்லைனையோ புல்டோசரையோ மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்தித் தூரகற்றி, முள்ளையும் வேரையும் பொறுக்கிய பின்னரே டிராக்டர் வயலில் இறங்க வேண்டும். முதலில் சட்டிக் கலப்பையால் ஆழ உழுது, பின் கொழுக்கலப்பையால் கிளறி, இறுதியில் ரோட்டவேட்டரால் மண்ணைப் பொடியாக்குதல் முறை. வேர் நிறைந்த நிலத்தில் ரோட்டவேட்டரை முதலிலேயே இறக்கினால் கத்திகள் முறியும். முள் பொறுக்காத நிலத்தில் ஓட்டினால் டயர் பாழாகும்.

கணக்கு என்ன சொல்கிறது?

எடுத்துக்காட்டாக, ரூ. 8 லட்சம் விலையுள்ள டிராக்டரைக் கொள்வோம். பத்தாண்டுகள் உழைத்தபின் ரூ. 80,000 பெறும் என்று வைத்தால், ஆண்டுத் தேய்மானம் ரூ. 72,000. முதலின் சராசரியாகிய ரூ. 4,40,000-க்கு நூற்றுக்கு 10 வட்டி என்றால் ரூ. 44,000. காப்பீடு, கொட்டகை முதலியவற்றிற்கு ரூ. 14,000. ஆக ஆண்டொன்றுக்கு ரூ. 1,30,000. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இச்செலவு நிற்காது.

பொறியியலார் இத்தகைய கணக்கில் டிராக்டர் ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஓடுவதாகக் கொள்வது வழக்கம். அவ்வாறு ஓடினால் இந்நிலைச் செலவு மணிக்கு ரூ. 130 மட்டுமே. ஆனால் மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் தம் நிலத்தை மட்டும் இரு போகமும் நான்கு சால் உழுதாலும் 30 மணி நேரத்திற்கு மேல் வேலையிராது. அப்போது அதே செலவு மணிக்கு ரூ. 4,333 ஆகிவிடுகிறது!

இனி, டீசல், ஓட்டுநர் கூலி, பழுது ஆகியவற்றிற்கு மணிக்கு ரூ. 550 என்றும், ஊரில் வாடகை மணிக்கு ரூ. 1,000 என்றும் வைத்துக்கொண்டால், மணிக்கு மிஞ்சுவது ரூ. 450. நிலைச் செலவை ஈடுகட்ட ஆண்டுக்கு ஏறத்தாழ 290 மணி நேரமாவது வண்டி ஓடியாக வேண்டும். அந்த அளவு வேலை சொந்த நிலத்திலும் அண்டை நிலத்திலுமாகக் கிடைக்குமா? ஊரில் ஏற்கெனவே எத்தனை டிராக்டர்கள் உள்ளன? இவற்றிற்கு விடை காணாமல் பத்திரத்தை வங்கியில் வைப்பது விவேகமாகாது. மேற்கண்ட தொகைகளுக்குப் பதிலாகத் தத்தம் ஊர் நிலவரத்தை இட்டு ஒவ்வொருவரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது நற்செய்தியே. எனினும் வரிக் குறைப்பு, வேலையில்லாத வண்டிக்கு வேலை தேடித் தராது.

கடனின் மறுபக்கம்

டிராக்டர் கடன் எத்துணைக் கண்ணீருக்குக் காரணமாகலாம் என்பதை நாடே கண்டதுண்டு. 2016 மார்ச்சில் தஞ்சை மாவட்டத்து உழவர் ஒருவர், டிராக்டர் கடனின் தவணை பாக்கிக்காகக் காவலர்களால் அடித்து இழுத்துச் செல்லப்பட்ட காட்சி எங்கும் பரவி நெஞ்சங்களை உலுக்கிற்று. தனக்கென ஒரு வண்டி வேண்டுமென எண்ணிய உழவர் அவர், குற்றவாளி அல்லர். கடனை வசூலிக்க வங்கிகள் அடியாட்களை ஏவலாகாது என உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்திருந்ததையும் நம் மக்கள் அறிந்திருத்தல் நலம்.

ஆதலின், கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதனைப் படித்தறிந்த ஒருவரைக் கொண்டு வரிவரியாகக் கேட்டறிய வேண்டும். தவணை மாதந்தோறுமா, அறுவடைதோறுமா என்பது முக்கியமானது. உழவனுக்கு வரவு அறுவடையில்தான். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் இரசீது பெற்றுப் பாதுகாக்க வேண்டும். இதில் இல்லத்தரசியின் சொல்லுக்கு இடமளிப்பது பெரிதும் இன்றியமையாதது. முன்பணத்திற்காக முதலில் கழற்றப்படுவது அவருடைய நகையன்றோ?

வாங்கியபின் ஒழுங்கு

கணக்குப் பார்த்தே வாங்கினீர்கள் எனில், இனிப் பேணுதல் உங்கள் கடன். வண்டியுடன் தரப்படும் கையேட்டைப் பெட்டியில் பூட்டிவைக்காது படிக்க வேண்டும். ஒவ்வொரு தயாரிப்புக்கும் அளவுகள் சற்றே வேறுபடுமாதலால் கையேடு சொல்வதே முடிந்த முடிபு. பொதுவான ஒழுங்கை மட்டும் இங்கே கூறுவோம்.

புதிய வண்டிக்கு முதல் 50 மணி நேரம் பாலப்பருவம். அப்போது பெருஞ்சுமை இழுக்கச் செய்தலும், நெடுநேரம் வெறுமனே உறுமவிடுதலும் ஆகா. அக்காலம் முடிந்ததும் என்ஜின் ஆயிலை மாற்றி, மரை ஆணிகளையும் சக்கர நட்டுகளையும் இறுக்கி, முதல் சர்வீஸைத் தவறாது செய்விக்க வேண்டும். உலோகத் துகள்கள் முதல் ஆயிலில்தான் மிகுதியாகக் கலந்திருக்கும்.

நாள்தோறும் வண்டியைக் கிளப்புமுன் என்ஜின் ஆயிலின் அளவு, ரேடியேட்டர் நீர், டயர்க் காற்று மூன்றையும் பார்க்க வேண்டும். நம் செம்மண் புழுதியில் ஏர் கிளீனரைக் கவனியாது விடுவது என்ஜினுக்கே உலை வைப்பதாகும். உழவுக் காலத்தில் அதனை அன்றாடம் சோதித்தல் வேண்டும். டீசலை வேலை முடிந்த மாலையிலேயே நிரப்பிவிடுவது நன்று. காலியான டேங்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து டீசலோடு கலந்துவிடும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது.

50 மணி நேரத்திற்கு ஒருமுறை கிரீஸ் வைத்தல், ஃபேன் பெல்ட்டின் தொய்வு பார்த்தல், பேட்டரி நீர் பார்த்தல். பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ 250 மணி நேரத்திற்கு ஒருமுறை ஆயிலும் அதன் ஃபில்டரும் மாற்றுதல் என்று ஓர் அட்டவணையை ஒரு குறிப்பேட்டில் எழுதி, வண்டியின் மணிமானி காட்டும் எண்ணையும் செலவையும் பதிந்துவர வேண்டும். பள்ளி செல்லும் மகளிடமோ மகனிடமோ இக்குறிப்பேட்டை ஒப்படைத்துப் பாருங்கள். வண்டி பிழைக்கும், பிள்ளைக்கும் கணக்கு வரும்.

மண்ணையும் மறவாதீர். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுதால், கலப்பை எட்டும் ஆழத்திற்குக் கீழே மண் இறுகித் தட்டாகி, மழைநீர் உள்ளிறங்காது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உளிக்கலப்பையால் அத்தட்டை உடைப்பது நலம். ஈரம் மிகுந்த வயலில் வண்டியை இறக்காதிருப்பதும் அதனினும் நலம். சேற்று உழவு மட்டும் இதற்கு விலக்கு.

உயிர் பெரிது

டிராக்டர் பின்புறமாகக் கவிழும் இயல்புடையது. தூரையோ கட்டையையோ சங்கிலி கட்டி இழுக்கும்போது, சங்கிலியைப் பின்னச்சுக்கு மேலே எங்கேனும் மாட்டினால், தூர் அசையாது நிற்க, முன்சக்கரங்கள் மேலெழும்பி வண்டி ஓட்டுபவர் மீதே சாயும். கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்வது இது. தாழ்வாயுள்ள இழுவைச் சட்டத்தில் மட்டுமே சங்கிலியை மாட்ட வேண்டும். கலப்பை கல்லில் மாட்டிப் பழைய டிராக்டர்கள் கவிழ்ந்து ஓட்டுநர்கள் மாண்ட காலமொன்று உண்டு. அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் அமைத்த மும்முனை இணைப்பே அவ்வாபத்தைப் பெரிதும் குறைத்தது. இன்றைய டிராக்டர்களில் கலப்பையைத் தாங்குவது அவ்விணைப்புதான். ஆயினும் சங்கிலிக்கு அப்பாதுகாப்பு இல்லை.

பின்னே சுழலும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்திற்கு 540 சுற்றுச் சுற்றும். சேலைத் தலைப்போ வேட்டி முனையோ சிக்கினால் உயிரோடு மீள்வது அரிது. அதன் மூடியைக் கழற்றி எறிவாரைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள். சாலையில் செல்லும்போது இரு பிரேக் மிதிகளையும் இணைத்துப் பூட்டியாக வேண்டும். இருக்கை ஓட்டுபவர் ஒருவருக்கே உரியது. மட்கார்டில் பிள்ளையை உட்காரவைப்பது அன்பாகாது. களையெடுக்கச் செல்லும் பெண்களையும் திருமணத்திற்குச் செல்லும் உறவினரையும் டிரெய்லரில் ஏற்றிச் செல்வது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. டிரெய்லர் சுமைக்கு உரியதேயன்றி மக்களுக்கு உரியதன்று. விபத்து நேரின் போன உயிர் திரும்பாது; காப்பீட்டுத் தொகையும் கைக்கு வராமற் போகலாம்.

கூடி வாங்குதல்

அப்படியாயின் மூன்று ஏக்கர்க்காரர் என்ன செய்வது? வழிகள் இல்லாமலில்லை. வேளாண் பொறியியல் துறையின் டிராக்டரையும் புல்டோசரையும் உழவன் செயலி வாயிலாகப் பதிந்து வாடகைக்குப் பெறலாம். சிறு, குறு உழவர் 100 பேரை ஒரே குழுவாக்கி, வேளாண் கருவிகள் வாங்க ரூ. 5 லட்சம் முதல்நிதி வழங்கும் கூட்டுப் பண்ணையத் திட்டத்தைத் தமிழக அரசு 2017-18-இல் தொடங்கிற்று. அரசுத் திட்டம் இல்லாவிடினும், ஒன்றையொன்று நம்பும் ஐந்தாறு குடும்பங்கள் கூடி ஒரு வண்டி வாங்குவதை யார் தடுக்க முடியும்?

கூட்டு நிலைக்க வேண்டுமாயின் சில முடிவுகளை முதலிலேயே எழுதி வைத்தல் வேண்டும். மழை பெய்ததும் யார் நிலம் முதலில்? ஓட்டுநர் ஒருவரா, பலரா? பழுதுக்கு யார் பொறுப்பு? பங்குதாரரும் மணிக்கு வாடகை செலுத்துவதே சிறந்தது. அத்தொகையில் ஒரு பகுதியை டயருக்கும் பெரும்பழுதுக்கும் என்று தனியே வங்கியில் சேர்த்து வாருங்கள். வாய்மொழியில் தொடங்கிய கூட்டு வாய்ச்சண்டையில் முடிவதுண்டு. ஏட்டில் எழுதிய கூட்டுக்கு ஏடே நடுவர்.

இயந்திரம் நமக்கு ஊழியம் செய்யப் பிறந்தது. நாம் அதன் தவணைக்கு ஊழியம் செய்யும் நிலை வரலாகாது. வரும் ஞாயிறன்று உணவுக்குப்பின் குடும்பத்தார் யாவரும் கூடி, உங்கள் நிலத்திற்கு ஆண்டில் எத்தனை மணி நேர உழவு தேவை என்ற ஒரே எண்ணை முதலில் கண்டறியுங்கள். மற்ற முடிவுகளுக்கு அவ்வெண்ணே வழிகாட்டும்.