சுழற்பணித் தொழிலாளர்களின் நீரிழிவு உணவுமுறை

சுழற்பணித் தொழிலாளர்களின் நீரிழிவு உணவுமுறை என்பது, பகல், மாலை, இரவு என ஷிப்ட் மாறி வேலை செய்வோர் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உணவின் அளவையும் வகையையும் நேரத்தையும் அமைத்துக்கொள்ளும் முறையாகும். கார், லாரி, கைப்பேசி ஆலைகள் நெருங்கியிருக்கும் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வட்டாரத்தில் இது அன்றாடத் தேவை. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள் உள்ளன. இத்தனை பேரின் சாப்பாட்டு நேரத்தை ஷிப்ட் மணியே தீர்மானிக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் உள்ளன.

இரவு உணவும் உடற்கடிகாரமும்

உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. இரவில் இன்சுலின் சுரப்பும் அதன் செயல்திறனும் குறைகின்றன. ஆகவே காலையில் உண்ட அதே அளவு சோற்றை நள்ளிரவில் உண்டால் சர்க்கரை கூடுதலாக ஏறும், இறங்கவும் நேரமாகும். இரவு ஷிப்டுக்குச் செல்பவர் முக்கிய உணவை வேலைக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிடுவது நல்லது. நள்ளிரவு இடைவேளைக்குச் சுண்டல், அவித்த முட்டை, மோர் போன்றவை போதும். காலையில் அறைக்குத் திரும்பியதும் வயிறு நிறைய உண்டு உடனே படுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

சோறு, தேநீர், கேழ்வரகு

சோற்றை அடியோடு விடச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. தட்டில் பாதி காய், கீரை; கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன்; மீதிக் கால் பங்கு சோறு என்று அளவை மாற்றலாம். காயையும் பருப்பையும் முதலில் உண்டு சோற்றைக் கடைசியில் எடுத்துக்கொண்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். கேன்டீன் வரிசையில் எளிதாகச் செய்யக்கூடியது இதுதான்.

தேநீரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 4 முதல் 5 கிராம். இரண்டு கரண்டி போட்ட தேநீரை ஒரு ஷிப்டில் மூன்று முறை குடித்தால் 24 முதல் 30 கிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது மேலும் நல்லது என்கிறது. தூக்கத்தை விரட்டக் குடிக்கும் தேநீரிலேயே நாள் கணக்கு முடிந்துவிடுகிறது! வெல்லமும் கருப்பட்டியும் இதற்கு விதிவிலக்கல்ல.

கேழ்வரகு என்றால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி விரைவில் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். அளவு இதற்கும் உண்டு.

சென்னை ஆய்வு

மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006இல் வெளியாயின. நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்த 531 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். மூன்றாண்டுகளில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் உடலுழைப்பையும் மாற்றிய பிரிவில் அது 39.3 விழுக்காடு. மெட்ஃபார்மின் மாத்திரையைக் கூடுதலாகச் சேர்த்தும் பலன் மேலும் உயரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. எனினும் இது நோய் வருமுன் உள்ளவர்களைப் பற்றிய முடிவு. நோய் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

தாழ்சர்க்கரை

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர் உணவைத் தவறவிட்டால் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கலாம். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை அறிகுறிகள். இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு இது உயிராபத்து. வேலையை நிறுத்தி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும். வேலை போய்விடும் என்று அஞ்சி நோயை மறைப்பவர்கள் உண்டு; பக்கத்தில் வேலை செய்யும் ஒருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். ஷிப்ட் மாறும் வாரத்தில் மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

பரிசோதனை

அரசின் தொற்றாநோய்ப் பரிசோதனைத் திட்டம் 30 வயதிலிருந்து தொடங்குகிறது. ஆலைகளில் இருபதுகளில் உள்ளவர்களே மிகுதி என்பதால், பெற்றோருக்கு நீரிழிவு இருந்தாலோ உடல் எடை கூடியிருந்தாலோ அவர்கள் தாமாகவே சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெறும் வயிற்றுச் சோதனைக்கு எட்டு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும். நள்ளிரவில் கேன்டீனில் சாப்பிட்டவர் ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு இரத்தம் கொடுத்தால் முடிவு தவறாக இருக்கும். அத்தகையோருக்கு, உண்ணாதிருக்கத் தேவையில்லாததும் மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதுமான எச்பிஏ1சி சோதனை பொருத்தமானது. அதில் 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை.