நடந்தது, சேர்த்தது: சில புத்தகங்களும் ஒரு சந்தேகமும்

புத்தகக் கடையில் புனைவுக்கு ஒரு அலமாரி, அபுனைவுக்கு இன்னொரு அலமாரி. கடைக்காரருக்கு அது வசதி. வாங்கிக்கொண்டு வந்து படிக்கிறவருக்கு அந்தப் பலகையால் பெரிய உபகாரம் ஒன்றும் கிடையாது. கடந்த சில மாதங்களாக இரண்டு அலமாரியிலிருந்தும் மாற்றி மாற்றிப் படித்ததில், எல்லாப் புத்தகத்திலும் ஒரே சந்தேகம் வந்து நின்றது. இது நடந்ததா, எழுதினவர் சேர்த்ததா? சேர்த்ததுதான் என்றால், அதனால் யாருக்கு என்ன போச்சு?

முதலில் அபுனைவு. உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியபோது அவர் 85 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதில் எல்லோருக்கும் தெரிந்த இடம் ஒன்று உண்டு. 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் போய்ப் பார்க்கிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், கோவை, உலா என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசரவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அதுவரை அந்த நூலைப் படித்திராத இளம் புலவருக்கு முகம் எப்படிப் போயிருக்கும் என்று நமக்கே தெரிகிறது.

இவ்வளவும் நேர் உரையாடலாகவே வருகிறது. நடந்து 60 வருஷம் கழித்து எழுதியது. ஒரு வார்த்தை பிசகாமல் நினைவிருந்திருக்குமா? இருந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். பேச்சின் சாரம் நினைவில் தங்கியிருக்கும், வாக்கியங்களை எழுதும்போது கட்டியிருப்பார். ஆனால் அது எனக்கு உறுத்தவேயில்லை. அந்தக் காட்சியில் சின்னவராகிப் போகிறவர் எழுதினவர்தான், உயர்ந்து நிற்பவர் முதலியார். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறி வந்ததும் கண்முன்னால் இருக்கிற விஷயம். உரையாடலை ஐயர் கொஞ்சம் செதுக்கியிருந்தால் அதற்கான செலவை அவரே ஏற்றுக்கொண்டார் என்று விட்டுவிடலாம்.

ட்ரூமன் கபோட்டியை அப்படி விட முடியவில்லை. ‘இன் கோல்ட் பிளட்’ 1966-இல் புத்தகமாக வந்தது. 1959 நவம்பரில் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்ட வழக்கு. நாவல் போல எழுதப்பட்ட, ஆனால் முழுக்க உண்மையான புத்தகம் என்று அவரே சொல்லிக்கொண்டார். பேட்டி எடுக்கும்போது குறிப்பு எழுதுவதில்லை, கேட்டது அப்படியே மனசில் நிற்கும் என்று பெருமை வேறு. எழுத்து அபாரம், அதில் சந்தேகமில்லை. கடைசிக் காட்சியில் விசாரணை அதிகாரி கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார், கொல்லப்பட்ட பெண்ணின் தோழியை அங்கே தற்செயலாகப் பார்க்கிறார், வளர்ந்துவிட்ட அந்தப் பெண்ணோடு நாலு வார்த்தை பேசுகிறார். வாழ்க்கை தொடர்கிறது என்கிற ஆறுதல் நமக்கு வருகிறது. அந்தச் சந்திப்பு நடக்கவேயில்லை என்று பின்னால் தெரியவந்தது.

தூக்கு மேடையில் முடிக்க மனசு வரவில்லை, ஒரு மெல்லிய முடிவு தேவைப்பட்டது, உண்மையில் அது கிடைக்காததால் செய்துகொண்டார். நாவலாசிரியர் தினமும் செய்கிற காரியம்தான். ஆனால் இங்கே அந்த ஆறுதல் உயிரோடு இருந்த இரண்டு பேரின் பெயரில் எடுத்த கடன். இது தெரிந்த பிறகு முந்தைய 300 பக்கத்தையும் வேறு கண்ணோடுதான் புரட்ட வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் ‘எரியும் பனிக்காடு’. பி.எச்.டேனியல் வால்பாறைத் தோட்டங்களில் வேலை பார்த்த மருத்துவர். ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ என்று 1969-இல் வந்ததை இரா.முருகவேள் தமிழாக்கினார். பாலாவின் ‘பரதேசி’க்குப் பின் பலரும் தேடிப் படித்தார்கள். பலகை ‘நாவல்’ என்கிறது. கதாநாயகன் கறுப்பனும் வள்ளியும் கற்பனைப் பாத்திரங்கள். ஆனால் முன்பணத்தைக் கொடுத்து மலைக்கு ஏற்றிவிடும் மேஸ்திரி, கணக்குத் தீரவே தீராத கடன், காய்ச்சலில் கொத்துக் கொத்தாய்ச் சாவது, இதெல்லாம் தோட்ட வாழ்க்கையின் உடம்பு. துரைமார் தங்கள் பக்கத்தை நினைவுக் குறிப்பு, அறிக்கை என்று எழுதி வைத்துவிட்டார்கள். கைநாட்டு வைத்த கூலிக்கு அந்த வசதி ஏது? நாவலாக வந்ததால் சாட்சியம் பலவீனமானதாக எனக்குத் தோன்றவில்லை. கலையாகப் பார்த்தால் சுமார்தான், பாத்திரங்கள் கொஞ்சம் தட்டையானவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி கீழ்வெண்மணி. இங்கேதான் எனக்குச் சிக்கல் அதிகம்.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தில், ஒரே குடிசைக்குள் 44 தலித் உயிர்கள் எரிக்கப்பட்டன. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பின்னணியில் இருந்தது நெல் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும். எதிர்ப்பக்கத்தில் மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம், அதன் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு. கீழ்க்கோர்ட்டில் அவருக்குத் தண்டனை கிடைத்தது. 1973-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது.

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1975-இல் வந்தது. 1977-இல் சாகித்திய அகாதமி விருது. அதில் மிராசுதார் கண்ணையா நாயுடு. அவனுடைய கொடூரத்துக்கு நாவல் சொல்லும் காரணம் ஆண்மைக் குறையும், அதை மறைக்கிற வெறியும். இடதுசாரி விமர்சகர்கள் அப்போதே கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தபோது, இதென்ன, நாவலாசிரியனுக்குப் பாத்திரத்தின் மனசுக்குள் போக உரிமை இல்லையா என்றுதான் நினைத்திருந்தேன். படித்தபின்னும் அந்த உரிமையை மறுக்கவில்லை. பண்ணையார் அதிகாரம் பெண்களின் உடம்பு வரைக்கும் நீண்டது என்பதும் உண்மை. பிரச்சினை வேறு இடத்தில். நோய் ஒருவனுக்கு வரும், சங்கத்துக்கு வராது. நாயுடுவுக்கு ஒரு வியாதியைக் கொடுத்த உடனே அவரோடு நின்ற மற்ற மிராசுதார்களும், புகார்களைக் கண்டுகொள்ளாத அதிகாரமும் கதையின் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். கூலி நெல் கணக்கு சின்ன விஷயமாகிவிடுகிறது. இந்தக் கற்பனைக்கு விலை கொடுத்தது அந்தக் கூலியைக் கேட்டவர்கள்.

அதே நாவலில் டெல்லியிலிருந்து வந்த கோபாலும் சிவாவும் பேசிக்கொள்கிற இடங்கள் இன்றும் கூர்மை. படித்தவன் கிராமத்தில் எவ்வளவு உபயோகமில்லாதவனாக இருக்கிறான் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன தமிழ் நாவல்கள் குறைவு. அந்தக் கூச்சத்துக்காகவே அதை இன்னொரு தரம் படிப்பேன்.

மைதிலி சிவராமன் சம்பவம் நடந்த கொஞ்ச நாளில் வெண்மணிக்குப் போனவர். அவருடைய கட்டுரைகள் ‘ஹாண்டட் பை ஃபயர்’ என்ற தொகுப்பில் இருக்கின்றன. இலக்கிய அலங்காரம் எதுவும் கிடையாது. என்ன கூலி, யார் சங்கம், போலீஸ் எங்கே இருந்தது, இப்படியே போகும். அதைப் படித்த கையோடு உயர்நீதிமன்றத் தீர்ப்பின் தர்க்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிறைய நிலம் வைத்திருக்கிறவர்கள், கார் வைத்திருக்கிறவர், ஆட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைப்பார்களா, நம்பும்படி இல்லையே என்பதாக ஓடுகிறது அந்தத் தர்க்கம்.

யோசித்துப் பாருங்கள். ‘இப்படிப்பட்ட ஆள் இப்படிச் செய்வானா?’ என்பது நாவல் படிக்கிறவன் பாத்திரத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. அபுனைவு அலமாரியில் ஆக உச்சியில் வைக்க வேண்டிய ஆவணம் ஒன்று உண்டென்றால் அது நீதிமன்றத் தீர்ப்பு. அது கனவான் என்றால் எப்படி நடந்துகொள்வான் என்கிற ஒரு கதையைத் தனக்குள் வைத்துக்கொண்டு சாட்சிகளை அளந்திருக்கிறது. நாவலோ டாக்டர் சீட்டு மாதிரி ஒரு காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டது. இரண்டிலும் அடிபட்டது ஒரே ஆட்கள்.

மீனா கந்தசாமியின் ‘தி ஜிப்ஸி காடஸ்’ (2014, தமிழில் ‘குறத்தியம்மன்’) இந்தச் சிக்கலை நன்றாகத் தெரிந்துகொண்டு எழுதியது. மிராசுதாரை நிஜப்பெயரிலேயே கொண்டுவந்து, முதலமைச்சருக்கு அவர் அனுப்புகிற ஒரு விண்ணப்பத்தோடு நாவலைத் தொடங்குகிறார். அவர் நல்லவர், பாதிக்கப்பட்டவர், சட்டத்தை மதிப்பவர் என்கிற தொனி. மனசுக்குள் போகவேயில்லை. மனு எழுதுகிறவர்களின் மொழியை மட்டும் எடுத்துப் பேச வைக்கிறார், அதுவே போதுமானதாக இருக்கிறது. நடுநடுவே கதைசொல்லி குறுக்கே வந்து, இந்தக் கதையை எப்படித்தான் எழுதுவது என்று நம்மோடு மல்லுக்கு நிற்பார். சில இடங்களில் சாமர்த்தியம் தூக்கலாகி எனக்கு அலுப்பும் தட்டியது. ஆனால் சேர்த்தது எது என்று மறைக்காத எழுத்து.

வெண்மணியைப் பற்றி எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு: முதலில் மைதிலி சிவராமன். அடுத்து குறத்தியம்மன். குருதிப்புனலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், கூலிக் கணக்கு மனசில் ஏறின பிறகு. பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படம் கிடைத்தால் இதற்கெல்லாம் முன்னாலேயே பார்த்துவிடலாம். உயிர் பிழைத்தவர்கள் அதில் அவர்கள் வாயாலேயே பேசுகிறார்கள்.