‘கன்டினியூ’ என்னும் சொல்லும் நம் அருளுரைகளும்

ஆங்கில விளக்கவுரைகளைத் துணைக்கொண்டு அருளுரை ஆயத்தஞ்செய்யும் நம்மிற் பலர், ‘கன்டினியூ’ என்னும் சொல்லைக் கண்டவுடன் ‘தொடர்ந்து செய்தல்’ என்று பொருள் எழுதிவிடுகிறோம். கோவை, திருப்பூர் வட்டாரச் சபைகளில் இதனால் விளையும் இடர்ப்பாடு சிறிதன்று. நூற்பாலையில் மாறி மாறி ஷிப்டு பார்க்கும் விசுவாசி ஒருவர், சில ஞாயிறு வழிபாடுகளைத் தவறவிட்டதும், தம் ஆவிக்குரிய வாழ்வே அறுந்துபோயிற்று என்று எண்ணத் தலைப்படுகிறார்.

யோவான் 15ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு 4ஆம் வசனத்தில் ‘அபைட்’ என்றும், 9ஆம் வசனத்தில் ‘கன்டினியூ’ என்றும் கூறுகிறது. கிரேக்க மூலத்தில் இரண்டும் ‘மெனோ’ என்னும் ஒரே வினையே. 1881இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பு ஈரிடத்தும் ‘அபைட்’ என்றே அமைத்தது. அதற்குப் பத்தாண்டுகள் முற்பட்ட 1871ஆம் ஆண்டின் தமிழ்த் திருமறையோ ஈரிடத்தும் ‘நிலைத்திரு’ என்கிறது. யோவான் 8:31, எபிரெயர் 13:1 ஆகியவற்றிலும் அவ்வாறே. தமிழ் கையிலிருக்க ஆங்கிலத்தின் வழியே சுற்றிவருவானேன்?

‘மெனோ’ வீட்டோடு தொடர்புடைய சொல். இயேசு எங்கே தங்கியிருக்கிறார் என்று முதற் சீடர் இருவர் வினவியதும் (யோவான் 1:38) இவ்வினையாலேயே. இரவு ஷிப்டுக்குச் சென்றவர் குடிபெயர்ந்தவர் ஆகார். ‘போயிட்டு வர்றேனுங்க’ என்று சொல்லியன்றோ அவர் வாசல் தாண்டுகிறார்!

ஜெபத்தைப் பற்றிய இடங்களில் நிலைமை வேறு. ரோமர் 12:12இலும் கொலோசெயர் 4:2இலும் மூலச்சொல் ‘ப்ரொஸ்கர்தெரெயோ’. தமிழில் முன்னது ‘உறுதியாய்த் தரித்திரு’ என்றும், பின்னது ‘இடைவிடாமல்’ என்றும் வந்துள்ளது. 1 தெசலோனிக்கேயர் 5:17இல் மூலச்சொல் முற்றிலும் வேறாயிருந்தும், தமிழில் அங்கும் ‘இடைவிடாமல்’ என்றே காண்கிறோம். இங்கே தமிழை மட்டும் நம்புவோர் இடறக்கூடும். ‘ப்ரொஸ்கர்தெரெயோ’வின் பொருளை மாற்கு 3:9 விளக்குகிறது: திரள் நெருக்குமாயின் உதவும்படி இயேசுவுக்கென ஒரு படகு ஆயத்தமாய்க் காத்திருக்க வேண்டும் என்பதற்கு அதே வினை. அப்படகு ஓயாமல் ஓடவில்லை. வேண்டும்போது அருகில் இருந்தது.

இனி, ‘இடைவிடாமல்’ ஜெபிக்கச் சொன்ன பவுல், அதே நிருபத்தில் (2:9) தாம் இரவும் பகலும் கைவேலை செய்ததாகவும் எழுதுகிறார். எனவே அச்சொல்லுக்கு இருபத்துநான்கு மணி நேரக் கணக்கு பொருந்தாது. பம்புசெட்டு வருமுன் நம் கொங்குத் தோட்டங்களில் நடந்த கவலை இறைப்பை முதியோர் அறிவர். எருதுகள் சரிவில் இறங்க, நிறைந்த சால் மேலே வரும். அவை பின்னேறுகையில் வெறுஞ்சால் கிணற்றுக்குள் இறங்கும். அவ்வேளையில் வாய்க்காலில் நீர் விழாது. இறைப்பு நின்றுபோயிற்று என்று எவரும் சொன்னதில்லை.

மத்தேயு 24:13இல் வரும் ‘ஹுப்போமெனோ’, துன்பத்தின் கீழ்த் தாங்கிநிற்பதைக் குறிக்கும். ஆலை மூடப்பட்டு வேலையிழந்தோர் நடுவில் அருளுரை ஆற்றும் போதகருக்கு இன்றியமையாத சொல் அது. அதனைத் தனியே ஆராய்தல் தகும்.