வயிற்றுக்குள் ஒரு கச்சை

வயிற்றுத் தசை என்றதும் சினிமா நாயகனின் சிக்ஸ் பேக்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. கட்டம் கட்டமாகத் தெரியும் அந்த நேர்த்தசை, வயிற்றுச் சுவரின் முக்கியமான நான்கு தசைகளில் ஒன்றுதான். குறுக்கே ஓடும் நார்ப்பட்டைகள் அதைக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. யாருக்கு எத்தனை கட்டம் என்பது பிறவியிலேயே முடிவாகிவிடும். பக்கவாட்டில் மூன்று தசைகள் ப்ளைவுட் பலகைபோல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. வெளிச்சாய்தசையின் இழைகள் பேன்ட் பையில் கைவிடும்போது விரல்கள் நீளும் திசையில் இறங்குகின்றன. உள்சாய்தசை பெரும்பாலும் அதற்குக் குறுக்காக ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் குறுக்குத்தசை இடுப்பைக் கச்சைபோல வளைத்திருக்கிறது. மல்லாந்து படுத்து, இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்று உட்புறம் விரல்வைத்து இருமிப் பாருங்கள்; சட்டென்று இறுகுவது இந்தப் பக்கத் தசைகள்தாம்.

உடம்பை வளைப்பதைவிட, வளையாமல் தாங்குவதே இவற்றின் பெரிய வேலை என்பேன். 1996இல் ஆஸ்திரேலியாவின் பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் வெளியிட்ட ஆய்வில், கையை வேகமாக உயர்த்தும்போது தோள்தசைக்கு முன்பே குறுக்குத்தசை இயங்கியது. முதுகுவலி உள்ளவர்களிடம் அது தாமதமானது. அப்படியானால் குறுக்குத்தசைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் முதுகுவலி போய்விடுமா? போகாது. நீண்ட காலத்தில் அத்தகைய பயிற்சி மற்ற உடற்பயிற்சிகளைவிடப் பெரிதாக மேம்பட்டதில்லை என்றே பின்வந்த ஆய்வுகள் காட்டின. தாங்குவது கூட்டு வேலை; உதரவிதானமும் இடுப்புத்தளத் தசைகளும் முதுகுத் தசைகளும் அதில் பங்காளிகள். ‘சிட்-அப் எடுத்தால் தொப்பையாவது கரையுமே’ என்பார்கள். அது தசைக்கு வலு தரும். மேலே படிந்த கொழுப்பை அந்த இடத்தில் மட்டும் கரைக்காது.

தொப்பையெல்லாம் சிட்-அப்பில் கரையும் என்ற இந்தத் தவறான எண்ணத்தால் அதிகம் வருந்துவோர் பிள்ளை பெற்ற பெண்கள். கர்ப்பத்தில், இடமும் வலமுமாக உள்ள இரு நேர்த்தசைகளுக்கும் இடையிலுள்ள நார்ப்பட்டை விரிந்து தசைகள் விலகுகின்றன. பிரசவத்துக்குப் பிறகும் பலருக்கு அந்த விலகல் தங்கிவிடுகிறது. தலையைத் தூக்கும்போது நடுவயிறு கூம்பாகப் புடைப்பது அதன் அடையாளம். அதைச் சோம்பலால் வந்த தொப்பை என்று பழிப்பது அநியாயம். வயிற்றில் துணி கட்டும் வழக்கம் சற்று ஆதரவு தரலாம். ஆனால் தசை தானே இயங்கித்தான் வலுப்பெற வேண்டும். புடைப்பு தெரிந்தால், சிட்-அப்பில் இறங்குமுன் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.