வயதேறாத துப்பறிவாளர்கள்: தொடர்கதையும் மறதியும்

துப்பறியும் கதைகளை 'வெகுஜனக் குப்பை' என்று தள்ளிவிட்டு நகர்வது சிறுபத்திரிகைக்காரர்களான நமக்குப் பழகிப்போன ஒன்று. தள்ளப்பட்ட அந்தப் பிரதிகள்தான் பெருந்துறை பஸ் ஸ்டாண்டுக் கடையில் கொடியில் தொங்கின. ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்வந்தவர்கள் வாங்கிப் படித்தார்கள். நானும் படித்தேன். போலீஸ், குற்றம், சட்டம் பற்றிய முதல் சொல்லாடல் எங்களுக்கு அங்கிருந்துதான் கிடைத்தது. ஆகவே இதைக் கேட்டாக வேண்டும்: இத்தனை பிணங்களைப் பார்த்த ஒரு துப்பறிவாளன் ஏன் மாறுவதே இல்லை? "ஏனுங்க, இந்த விவேக்குக்கு வயசே ஆவாதுங்களா?" என்று பழைய வாசகர் ஒருவர் என்னிடம் கேட்டதும் இதைத்தான்.

ஒரு பாத்திரம் வளர்கிறது என்றால் வயது கூடுகிறது என்று மட்டும் பொருளல்ல. துப்பறிவாளன் வழக்கைத் தொடுகிறான்; வழக்கும் திரும்ப அவனைத் தொட வேண்டும். அதன் மிச்சம் அடுத்த கதைக்குள் அவனோடு வர வேண்டும். வங்காளத்தில் சரதிந்து பந்தோபாத்யாய் 1932 முதல் எழுதிய வியோம்கேஷ், ஒரு வழக்கில் சந்தித்த சத்தியவதியை மணக்கிறான். அடுத்தடுத்த கதைகளில் குடும்பஸ்தனாகிறான். 1946 கல்கத்தாக் கலவரமும் அவன் கதைக்குள் வருகிறது. சுவீடனில் மார்க்சியர்களான மாய் ஷோவாலும் பேர் வாலூவும் 1965-க்கும் 1975-க்கும் இடையில் எழுதிய 10 நாவல்களில் மார்ட்டின் பெக்கின் மணவாழ்க்கை முறிகிறது, உடம்பில் குண்டு பாய்கிறது. அந்தப் போலீஸ்காரனின் தேய்மானத்தை வைத்தே சுவீடனின் 'நல அரசை' விசாரித்தார்கள் அவர்கள்.

தமிழில் என்ன நடந்தது? தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்தார், துப்புத் துலக்கினார், மறுபடியும் தேநீர் குடித்தார். சுஜாதாவிடம் வேறொன்று நடக்கிறது. 1968-இல் குமுதத்தில் தொடராக வந்த 'நைலான் கயிறு' நாவலில் வக்கீல் கணேஷ் அறிமுகமாகிறான். வசந்த் பின்னால்தான் வந்து சேர்கிறான். வந்தபிறகு கணேஷ் மேலும் மேலும் நிதானமாகிறான். ஆசை, கேலி, பயம், பெண்களைப் பார்க்கும் அந்தப் பார்வை எல்லாம் வசந்த் கணக்கில் எழுதப்படுகின்றன. அதாவது ஆளுக்குள்ளே நடக்க வேண்டிய வளர்ச்சி, ஆளை இரண்டாகப் பிளந்து நடக்கிறது. கணேஷ் கறைபடாத பகுத்தறிவாக நிற்கலாம். மிச்சத்தை வசந்த் சுமப்பான். ஆனால் "பாஸ்" என்று கூப்பிட்டபடியே இருக்கும் அவனும் மூப்படைவதில்லை. வசந்த் ஆரம்பித்து முடிக்காமலே விட்ட மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் பல கதைகளில் தொடர்கிறது. தொடர் ஒரு ஜோக்கை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. செத்தவர்களை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

இதை எழுத்தாளரின் திறமைக் குறைவு என்று சொல்வது சோம்பேறித்தனம். பாக்கெட் நாவலை யாரும் எந்த மாதத்திலிருந்தும் எடுத்துப் படிக்கத் தொடங்கலாம். பஸ் ஏறும் அவசரத்தில் வாங்குகிறவருக்கு 'முன்கதைச் சுருக்கம்' தேவைப்படக்கூடாது. ஆகவே மறதி இந்த உற்பத்தி முறையின் நிபந்தனை. கோவையிலிருந்து எழுதி, 1500-க்கும் மேற்பட்ட நாவல்களுக்காக அறியப்படும் ராஜேஷ்குமாரின் விவேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே மனைவி ரூபலா, உதவியாளன் விஷ்ணு. குடும்பம் ஒரு பக்கம், கேலி ஒரு பக்கம். நடுவில் கலையாத அதிகாரி. இங்கே ஒரு வித்தியாசம் முக்கியம். கணேஷ் வக்கீல், அரசுக்கு வெளியே நிற்பவன். விவேக் போலீஸ், அரசின் ஆள். அரசின் ஆளுக்கு ஞாபகம் இல்லாமல் போனால், அரசுக்கும் குற்றவுணர்வு இல்லாமல் போகிறது. ஒவ்வொரு மாதமும் அது புதுசாக, சுத்தமாகப் பிறக்கிறது.

இந்த மறதியை நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம். 2015 ஜூனில் திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்குப் போன தலித் இளைஞர் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. வழக்கு நடந்தபோது முக்கியச் சாட்சி பிறழ்சாட்சியானார். கோயில் கேமராவின் பதிவு முக்கிய ஆதாரமாக நின்றது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. மாதம் ஒரு நாவல் என்று கணக்குப் போட்டால், இந்த இடைவெளியில் விவேக் 80 வழக்குகளை முடித்து, 80 முறை வீட்டுக்குப் போய் ரூபலாவோடு காபி குடித்திருப்பான். நிஜத்தில் ஒரே ஒரு வழக்கு கீழ்க்கோர்ட்டைத் தாண்டவே ஏழு வருஷத்தைத் தொட்டது.

சாதிக்கொலையில் 'யார் கொன்றது' என்பது மட்டும் புதிர் அல்ல. சாட்சி யாருக்குப் பயப்படுகிறார், ஊர் எதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறது, வாய்தாவுக்கு வாய்தா அலைகிற தாய் எங்கே போய்த் தங்குகிறார் என்பவைதான் புதிர்கள். இவற்றைக் கடைசி அத்தியாயத்தில் அவிழ்க்க முடியாது. கூடவே இருந்து வயதாகிறவனுக்குத்தான் இவை பிடிபடும். நம் துப்பறிவாளர்கள் வளராததற்கும், இப்படிப்பட்ட கொலை அவர்கள் கைக்கு வந்து சேராததற்கும் உறவு உண்டு என்பதே என் வாதம்.

தீவிர இலக்கியம் இந்த வடிவத்தைக் கையில் எடுக்காமலே பழித்தது போதும். எழுதுகிற நண்பர்கள் ஒன்றே ஒன்று செய்து பாருங்கள். உங்கள் துப்பறிவாளன் இரண்டாவது வழக்கில் மும்முரமாக இருக்கும்போது, முதல் வழக்கிலிருந்து அவனுக்கு ஒரு சம்மன் வரட்டும். போய்க் கூண்டில் ஏறி, அன்றைக்குத் தான் பார்க்கத் தவறியது என்ன என்று அவனும் பதில் சொல்லட்டும்.