ஐக்யூ 80 என்றால் பையன் ‘மக்கு’ ஆகிவிடுவானா? ஒரு சூத்திரமும் சில கேள்விகளும்

மனவயதைக் கால வயதால் வகுத்து 100-ஆல் பெருக்கு. ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கும் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தச் சூத்திரத்தைச் சொல்லிவிடுவார்கள். டெட் தேர்வின் 150 கேள்விகளில் 30 கேள்விகள் குழந்தை மேம்பாடு, கற்பிக்கும் முறைகள் பற்றியவை. பினே, ஸ்டெர்ன், யுங், ஆல்போர்ட் எல்லாரும் அங்கே ஆளுக்கு ஒரு மார்க்காக வந்து போவார்கள்.

அரூரில் அந்தத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே, ஒரு பள்ளியில் பயிற்சி வகுப்பு எடுக்கும் மாணவி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கடைசி பெஞ்சில் ஒரு பையன். சித்தேரி மலைக் கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். வயது 10. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிறான். “அவன் மக்கு. நீ மத்த பசங்களப் பாரும்மா” என்கிறார் மூத்த ஆசிரியர் ஒருவர். மனவயது 8 என்று வைத்துக்கொண்டால், நுண்ணறிவு ஈவு 80. கணக்கு சரிதான். ஆனால், அந்த 80 அவனைப் பற்றி என்ன சொல்கிறது?

எதற்காக வந்தது இந்தச் சோதனை?

1904-ல் பிரான்ஸ் அரசு, பாடத்தில் பின்தங்கும் குழந்தைகளுக்கு என்ன செய்யலாம் என்று ஆராய ஒரு குழு அமைத்தது. அதில் இருந்த ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905-ல் 30 பணிகள் கொண்ட சோதனையை வெளியிட்டார். யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அறிவு என்பது கூட்டவே முடியாத நிலையான அளவு என்ற எண்ணத்தை 1909-ல் எழுதிய நூலிலேயே பினே எதிர்த்தார்.

மனவயதைக் கால வயதால் வகுக்கலாம் என்றவர் ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன் (1912). அதை 100-ஆல் பெருக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன் (1916). பினே இறந்தது 1911-ல். அவர் பெயரோடு சேர்த்து நாம் மனப்பாடம் செய்யும் சூத்திரத்தை அவர் பார்த்ததே இல்லை.

அமெரிக்காவுக்குப் போனதும் நோக்கமே மாறியது. முதல் உலகப்போரில் சுமார் 17 லட்சம் ராணுவ வீரர்களுக்கு அறிவுச் சோதனை நடந்தது. அமெரிக்கக் கம்பெனிகளின் பொருள்கள் பற்றிக்கூட கேள்வி இருந்தது. புதிதாகக் குடியேறியவர்கள் குறைந்த மார்க் எடுத்தபோது, ‘பிறவியிலேயே அறிவு குறைவு’ என்று சிலர் முடிவு கட்டினார்கள். 1927-ல், மனவயது 9 என்று முத்திரை குத்தப்பட்ட கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அமெரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

இந்தியாவில் என்ன நடந்தது?

1922-ல் லாகூரில் ஹெர்பர்ட் ரைஸ், பினே சோதனையை இந்தியக் குழந்தைகளுக்காக மாற்றியமைத்தார். 1930-களில் வி.வி.காமத் அதை மராத்தி, கன்னடக் குழந்தைகளுக்கு ஏற்றபடி உருவாக்கினார். பிறகு வந்தவர் சி.எம்.பாட்டியா. பள்ளிக்கே போகாத பிள்ளையைக் கேள்வித்தாளால் எப்படி அளப்பது? கட்டைகளை அடுக்குவது, படத்துண்டுகளைச் சேர்ப்பது என 5 செயல் சோதனைகளை 1955-ல் வெளியிட்டார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் தனித்தனி அளவுகோல் வைத்தார். ஒரே 80 மார்க், யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும் என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார்.

சூத்திரத்திலேயே இன்னொரு சிக்கல் உண்டு. வயது ஏறிக்கொண்டே போகும். மனவயது அப்படி ஏறாது. 20 வயதில் ஒருவருக்கு 100 என்றால், 40 வயதில் 50 ஆகிவிடுமா? அதனால் 1939-ல் டேவிட் வெக்ஸ்லர், அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடும் முறையைக் கொண்டுவந்தார். சராசரி 100. நூற்றில் சுமார் 68 பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள். இன்றைய பெரும்பாலான சோதனைகள் இந்த வழியில்தான் போகின்றன. பழைய வகுத்தல் முறை பினே-காமத் போன்ற சில சோதனைகளில் இங்கே இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

‘நான் இன்ட்ரோவெர்ட்’ என்பதும் இதே கதையா?

ஆளுமைப் பாடத்திலும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. அகமுகன், புறமுகன் என்ற பிரிவை 1921-ல் பிரபலமாக்கியவர் கார்ல் யுங். அதை வைத்து ஒரு தாயும் மகளும் உருவாக்கியதுதான், ஐடி வேலைக்காரர்கள் புரொஃபைலில் போட்டுக்கொள்ளும் நாலெழுத்து எம்பிடிஐ. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு நாலெழுத்து வருகிறது.

1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர், 39 மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை வைத்து, தனித்தனி அறிக்கை என்று சொல்லிக் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண், ஐந்துக்கு 4.26. உண்மையில் எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள்! ராசிபலன் நமக்கு அப்படியே பொருந்துவது போல இருப்பதும் இதனால்தான்.

இன்றைய ஆய்வாளர்கள் ஆட்களை வகை பிரிப்பதைவிட, ஐந்து பெரும் பண்புகளில் யாருக்கு எது எவ்வளவு என்று பார்க்கிறார்கள். வகுப்பில் பேசாத பையன், விளையாட்டு மைதானத்தில் பேசிக்கொண்டே இருப்பான். ‘சங்கோஜி’ என்று ஒரே வார்த்தையில் அவனை முடித்துவிட முடியாது.

அப்போ இந்த எண்ணே வேண்டாமா?

வேண்டும். சரியாகப் பார்த்தால் அது ஒரு கதவைத் திறக்கும். அறிவுசார் குறைபாட்டுக்கு அரசு சான்றிதழ் வாங்க இந்த மதிப்பீடு தேவை. தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு அந்தச் சான்றிதழ் அவசியம். அங்கேயும் ஐக்யூவை மட்டும் பார்ப்பதில்லை. தானே உடுத்துவது, கடைக்குப் போய்வருவது போன்ற அன்றாடத் திறன்களையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

அதேநேரம் எண்ணில் சின்னப் பிசகு வந்தாலும் பிள்ளைக்கு நஷ்டம். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில், கற்றல் குறைபாட்டுக்கான சோதனைக்குப் போகவே ஐக்யூ 85-க்கு மேல் இருக்க வேண்டும் என்று இருந்தது. அறிவுசார் குறைபாட்டின் சதவீதத்தை அன்றாடத் திறன்களை அளக்கும் சமூக முதிர்ச்சி மதிப்பெண்ணை வைத்துக் கணக்கிட்டார்கள்; அது 70 முதல் 84 வரை இருந்தால் 25 சதவீதம்தான். முக்கியச் சலுகைகளுக்கு 40 சதவீதம் தேவை. அதாவது, ஐக்யூவில் 80 எடுத்த பையன் அன்றாடத் திறனிலும் அதே அளவில் இருந்தால், அவனுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. பழக்கமில்லாத சொற்களில், பயந்துபோய் உட்கார்ந்து எழுதியதால் அந்த 80 வந்திருந்தால்?

அதனால் அந்த மாணவி, சூத்திரத்தைப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கண் பரிசோதனை செய்தாச்சா? காது சரியாகக் கேட்கிறதா? எத்தனை நாள் பள்ளிக்கு வந்தான்? காலையில் சாப்பிட்டானா? வீட்டில் பேசுகிற பேச்சும் பாடப் புத்தகத் தமிழும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன? இதெல்லாம் பார்த்த பிறகும் திணறினால், பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் அனுப்பலாம். 1905-ல் பினே செய்ய நினைத்ததும் அதைத்தான். தேர்வில் அது ஒரு மார்க் கேள்வி. கடைசி பெஞ்ச் பையனுக்கு அடுத்த பல வருஷப் படிப்பு.