ஏ.ஐ அலையில் இன்டெல் கரை சேருமா... முதலீட்டாளர்கள் ஏன் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்?

ஏ.ஐ-யிடம் ஒரு படம் கேட்கிறீர்கள். சில நொடிகளில் வந்துவிடுகிறது. அந்த வேலையைச் செய்யும் சிப்பை வடிவமைத்தது பெரும்பாலும் என்விடியாவாக இருக்கும். ஆனா, என்விடியாவுக்குச் சொந்த சிப் ஃபேக்டரியே கிடையாது பாஸ்! தைவானின் டி.எஸ்.எம்.சி-தான் தயாரித்துக் கொடுக்கிறது. ஆப்பிளுக்கும் ஏ.எம்.டி-க்கும்கூட அங்கேதான் ஆர்டர்.

டெய்லர் கடை மாதிரி வச்சுக்கோங்க. துணியும் டிசைனும் உங்களுடையது, தையல் அவர்களுடையது. இந்த 'தையல்' பிசினஸுக்குப் பெயர்தான் ஃபவுண்டரி. 1968-ல் தொடங்கிய இன்டெல், பல வருஷம் தன் சிப்களைத் தானே தயாரித்து வந்தது. 2021-ல்தான், 'மற்றவர்களுக்கும் தைத்துத் தருகிறோம்' என்று பெரிய அளவில் களமிறங்கியது.

நம்பிக்கைக் கட்சி

தீபாவளி நேரத்தில் நல்ல டெய்லரிடம் இடம் கிடைக்காது. அடுத்த கடையைத் தேடுவோம். ஏ.ஐ-யால் இப்போது டி.எஸ்.எம்.சி-யில் அந்தக் கூட்டம்தான். அதோடு, அதிநவீன சிப்களில் பெரும்பங்கு தைவானிலேயே தயாராவதால், அங்கே ஏதாவது பிரச்னை என்றால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. 2025-ல் அமெரிக்க அரசே 890 கோடி டாலருக்கு இன்டெல்லில் சுமார் 10% பங்கு எடுத்தது. சாஃப்ட்பேங்க் 200 கோடி, என்விடியா 500 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தன. 'இவ்வளவு பேர் சும்மாவா வருவாங்க?' என்பது இவர்கள் கேள்வி.

சந்தேகக் கட்சி

'பணம் வந்தது சரி, ஆர்டர் எங்கே?' என்கிறார்கள் இவர்கள். என்விடியா அறிவிப்பில் தன் ஏ.ஐ சிப்களை இன்டெல்லில் தயாரிப்பதாக எந்த உறுதியும் இல்லை. 2024-ல் மட்டும் ஃபவுண்டரி பிரிவின் நஷ்டம் 1,300 கோடி டாலருக்கும் மேல். அந்தப் பிரிவின் வருமானத்தில் மிகப்பெரிய பகுதி இன்டெல்லின் சொந்த சிப்களிலிருந்தே வந்தது. இன்னொரு சிக்கல், நம்பிக்கை. ஏ.எம்.டி-க்கு இன்டெல் நேரடிப் போட்டியாளர். போட்டிக் கடைக்காரரிடமே டிசைனைக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

இன்டெல்லே 2025 ஜூலையில், அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பமான 14ஏ-வுக்குப் பெரிய வெளி வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் அதை நிறுத்தவும் நேரலாம் என்று ஆவணத்தில் எச்சரித்தது.

எதைப் பார்க்கணும்?

ஆப் வழியாக அமெரிக்கப் பங்கு வாங்குபவரா நீங்கள்? ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. 2024 ஆகஸ்டில் மோசமான ரிசல்ட் வந்தபோது, இன்டெல் பங்கு ஒரே நாளில் 26% சரிந்தது. 'பெரிய கம்பெனி' என்ற பெயர் அன்று யாரையும் காப்பாற்றவில்லை.

அதனால், தலைப்புச் செய்தியைப் பார்த்து பட்டனை அமுக்காதீங்க. மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பெயர் சொல்லி ஆர்டர் கொடுக்கும் வெளி வாடிக்கையாளர். இரண்டு, ஈல்ட். அதாவது, தயாராகும் சிப்களில் எத்தனை பழுதில்லாமல் தேறுகின்றன என்ற கணக்கு. மூன்று, காலாண்டுக்குக் காலாண்டு ஃபவுண்டரி நஷ்டம் குறைகிறதா என்பது.

கடைக்கு வெளியே கூட்டம் நிற்பது முக்கியமில்லை. அளவு கொடுத்துட்டு அட்வான்ஸும் கட்டுறாங்களா... அதைப் பாருங்க!